இரண்டாவது கேள்வி

அறுப்பின் பண்டிகை வந்தால் எனக்கு அந்த முந்திரிக் கொட்டகை ஞாபகம் வந்துவிடும். இந்த வருஷமும் போதகர் பிலிப்பியர் 1:11-ஐ எடுத்து, நீதியின் கனிகளால் நிறைந்திருப்பதைப் பற்றிப் பேசினார். எனக்கு மனசுக்குள் பழைய எடை நோட்டுதான் புரண்டது.

'தானே' புயல் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி நம் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன மறு வருஷம் அது. ஆப்பிரிக்கக் கொட்டையை நம்பித்தான் கொட்டகை ஓடியது. பண்ருட்டிப் பக்கம் அப்போது ஒருவருக்கு வேலை இருப்பதே பெரிய விஷயம். நான் எடை போட்டு நோட்டில் எழுதுகிறவள். கூட வேலை பார்த்தவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தோல் உரிக்கிற வரிசையில் இருந்தார். அதற்கு முன் பல வருஷம் கொட்டை உடைத்து, ஓட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துப் புண்ணாகி, இந்த வேலைக்கு மாறியவர்.

இரண்டு வாரமாக முழுப் பருப்பில் எடை குறைந்துகொண்டே வந்தது. 320 நம்பர், அதாவது 454 கிராமுக்கு 300-லிருந்து 320 பருப்பு நிற்கிற ரகம். குறைந்ததை அந்த வரிசையில் இருந்த எல்லார் கூலியிலும் பிடித்தார்கள். இதைச் சொல்லாமல் நான் மற்றதைச் சொல்லக் கூடாது. எடுக்காதவர்களும் சேர்ந்துதான் இழந்தார்கள்.

ஒரு சாயங்காலம் அக்கா ஒரு கைப்பிடிப் பருப்பை முந்தானையில் முடிந்ததைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"நீ பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

இதுவரைக்கும் எனக்கு உறுத்தல் இல்லை. பொய் சொல்லியிருந்தால் மற்ற பெண்களின் கூலிக்கு யார் பதில் சொல்வது? இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

"இதுக்கு முன்னாடியும் எடுத்திருக்குமா?"

"எடுத்திருக்கும் சார்."

நான் பார்த்தது ஒரு கைப்பிடி. இரண்டு வாரக் குறைவையும் அந்த ஒரு வார்த்தையில் தூக்கி அக்கா தலையில் வைத்துவிட்டேன். பருப்பு நன்றாகக் காய்ந்தாலே எடை குறையும். நோட்டு எழுதுகிற எனக்கு அது தெரியாதா? அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன். வந்ததா வரவில்லையா என்பதே இப்போது சரியாகத் தெரியவில்லை. உண்மை பேசிய வேகத்தில் அடுத்ததும் உண்மை மாதிரியே வாயில் வந்துவிட்டது.

அடுத்த மாதம் என் சம்பளம் கூடியது. குடோன் சாவியும் என் கைக்கு வந்தது. சபையில் சாட்சி சொன்னேன், எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். உத்தமமாய் நடந்ததன் கனி என்றார் அப்போது இருந்த போதகர். அன்றைக்கு நானும் அப்படியேதான் நம்பினேன். சாட்சியில் முதல் கேள்வியை மட்டும்தான் சொன்னேன்.

நீதியின் கிரியை சமாதானம் என்கிறது ஏசாயா 32:17. எனக்கு வந்தது சம்பளம். சமாதானம் வந்தது என்று சொல்ல முடியவில்லை. அப்படியானால் நான் செய்தது நீதி இல்லையா? அவ்வளவு தூரம் போகவும் மனசு ஒப்பவில்லை. திருட்டைத் திருட்டு என்றது தப்பில்லை. ஆனால் மத்தேயு 18-இல் ஆண்டவர் சொல்கிற முதல் படி, குற்றம் செய்தவரிடம் தனியாகப் போய்ப் பேசுவது. அதற்கு எனக்கு ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. அக்கா வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். நான் போகவில்லை. போயிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன்.

புயலுக்கு அப்புறம் வீட்டுக் கொல்லையில் வைத்த ஒட்டுக்கன்று இப்போது நன்றாகக் காய்க்கிறது. முந்திரியில் நாம் பழம் என்று தின்பது காம்பு பருத்து உண்டானது. உண்மையான கனி அடியில் தொங்குகிற கொட்டைதான், கையை எரிக்கிற எண்ணெய் அதன் ஓட்டில்தான் இருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அந்தப் பழத்தைத்தான் கூடை நிறையக் கொண்டுபோகலாம் என்று முன்பெல்லாம் நினைப்பேன். இந்த வருஷம் பலாப்பழம் எடுத்துப் போனேன்.

அக்கா வேலையை விட்டுப் போன பிறகு ஒரு மாதம் எடை சரியாக இருந்தது. அப்புறம் மறுபடி குறைந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு அக்கா அழவில்லை, சாபம் விடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று ஒன்றுதான் கேட்டார். "காலையில உரிச்சத எடை போட்டுட்டியா பாப்பா?"

போட்டிருந்தேன். நோட்டிலும் எழுதியிருந்தேன், 2 கிலோ 400. அந்தக் கூலியை அவருக்குக் கொடுத்தார்களா என்று நான் கேட்கவே இல்லை.