வேலூரில் நன்கொடை கேட்பவர்கள் கூடியபோது

நன்கொடை கேட்பதையே வேலையாக வைத்திருப்பவர்கள் ஒரே கூடத்தில் கூடினால் என்ன நடக்கும்? யாரும் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள். விசிட்டிங் கார்டுகள் மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும். வேலூரில் நடந்த நிதி திரட்டுவோர் மாநாட்டின் முதல் காலை அப்படித்தான் போனது. திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் மாலை நேர வகுப்புகள் நடத்தும் சின்ன டிரஸ்ட் ஒன்றின் சார்பில் நான் போயிருந்தேன்.

தங்கியது சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜ். அங்கே பெயர்ப்பலகைகளில் தமிழுக்குச் சமமாக வங்காளமும் இந்தியும் இருக்கின்றன. இட்லி சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம். வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஊர் வேலூர்.

மேடைப் பேச்சில் பாதி நேரத்தை சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, எடுத்துக்கொண்டது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் ஒரு திட்டத்துக்கு, ஒரு நிதியாண்டுக்கு என்று வரும். எங்கள் ஆசிரியைகளின் சம்பளமோ மாதாமாதம் வேண்டும். வெளிநாட்டு நிதிக் கதை இன்னும் சுருக்கம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பெற்றவர் அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துத் தந்த காலம் அதோடு முடிந்தது.

எனக்கு உருப்படியாகக் கிடைத்தது மேடையில் அல்ல, சாப்பாட்டு வரிசையில். குடியாத்தம் பக்கம் முதியோர் இல்லம் நடத்தும் ஒரு அம்மா பின்னால் நின்றிருந்தார். புது நன்கொடையாளரை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "புதுசா எதுக்கு தேடணும் தம்பி? போன வருசம் குடுத்தவங்க இருக்காங்களே, அவங்க வூட்டுக்குப் போயிட்டு வா" என்றார். பணம் வந்த ரெண்டாம் நாளுக்குள் போன் செய்துவிடுவாராம். மூன்று மாதம் கழித்து நேரில் ஒரு நடை. அப்போது ரசீது புத்தகம் பையில் இருக்காது. கொடுத்தவருடைய அம்மாவின் கால் வலியிலிருந்து பேரனின் காதுகுத்து வரைக்கும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். இதற்கென மென்பொருள் விற்க வந்திருந்த இளைஞர் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மென்பொருளும் இதைத்தான் செய்கிறது. காதுகுத்துக்கு மட்டும் அதில் கட்டம் இல்லை.

மறுநாள் வரிச்சலுகை பற்றிய அமர்வு. கொடுத்தவருக்கு வருமான வரியில் கழிவு வாங்கித் தரும் 80ஜி ரசீதை எல்லோரும் தூண்டில் போலப் பயன்படுத்துகிறோம். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பழைய முறையிலும் கிடையாது. நோட்டீஸின் முதல் வரியிலேயே 'வரிவிலக்கு உண்டு' என்று அச்சடிக்கும் பழக்கத்தை இனி விட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. சலுகைக்காகவே கொடுப்பவர், சலுகை போனதும் போய்விடுவார். அதற்காகக் காகித வேலையில் அசட்டையாக இருக்க முடியாது. மே 31க்குள் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற 10பிடி படிவத்தைத் தாக்கல் செய்து, கொடுத்த ஒவ்வொருவருக்கும் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் அனுப்பியாக வேண்டும். அதையே நன்றி சொல்லும் சாக்காக வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னது பிடித்திருந்தது.

மதியம் நழுவி, கோட்டையைச் சுற்றிவிட்டு (சாமி இல்லாத கோயில் என்ற பேச்சை 1981இல் பொய்யாக்கிய ஜலகண்டேஸ்வரருக்கும் ஒரு கும்பிடு), ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை வரை போனேன். சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் தன் அப்பாவோடு இருந்தபோதுதான், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். பெண் டாக்டர் இல்லாததுதான் காரணம். எங்கள் ஊர் என்பதால் சின்ன வயதிலிருந்தே கேட்ட கதை. அதன் அடுத்த பகுதியைத்தான் நாங்கள் சொல்வதில்லை. அவர் அமெரிக்காவில் படித்து முடித்து, மருத்துவமனை கட்ட வீடு வீடாகப் பணம் கேட்டு அலைந்தார். ஒரு வீட்டில் அந்த அம்மாளிடம் வேலூர் நிலைமையைச் சொல்லிக்கொண்டிருந்தது பக்கத்து அறையில் இருந்தவர் காதில் விழுந்தது என்பார்கள். அவர் நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல். மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 40 படுக்கைகளோடு 1902இல் இந்த ஷெல் மருத்துவமனை எழுந்தது. அந்த அறையில் ஐடா சொன்னது பெண்களைப் பற்றி, கட்டடத்தைப் பற்றி அல்ல என்றே நினைக்கிறேன். நம் பிரசுரங்களில் எல்லாம் கட்டடத்தின் வரைபடம்தான் முதல் பக்கம்.

நியூயார்க் நமக்கு எட்டாது, சரி. வடஆற்காட்டுக்கு என்ன குறை? திரும்பும் பஸ் மேல்விஷாரம் வழியாகப் போனது. 1965இல் தொடங்கிய அப்துல் ஹக்கீம் கல்லூரி அங்கே இருக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரிக்கு வயது இன்னும் அதிகம், 1919. தோல் வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் சி.எஸ்.ஆர். என்ற சொல் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ஊருக்குப் பள்ளியும் கல்லூரியும் கொடுத்திருக்கிறார்கள். ரமலானில் ஜகாத் கணக்குப் பார்க்கும் வீடுகள், ஆடியில் கூழ் ஊற்ற வசூல் செய்யும் தெருக்கள் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. மாநாட்டில் ஒருவர்கூட இதைத் தொடவில்லை. எனக்கு அதுதான் ஏமாற்றம்.

ஆற்காடு தாண்டியதும், வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்குப் பணம் அனுப்பும் ராணிப்பேட்டைக்காரர் ஒருவருக்கு போன் செய்தேன்.

"சொல்லுங்க சார், இந்த வாட்டி எவ்வளவு?" என்றார் எடுத்ததும்.

"ஒண்ணும் வேண்டாங்க. நீங்க படிக்கவெச்ச பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணிடுச்சு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"கணக்குல எவ்ளோ?" என்றார்.

வகுப்பு ஆசிரியையைக் கேட்டு நாளைக்குச் சொல்வதாகச் சொன்னேன்.