பத்துக் குடம் தண்ணீர்

ட்ரக்கின் பின்னால் இழுத்துப் போகும் ட்ரெய்லர்தான் எங்கள் வீடு. அதில் நல்ல தண்ணீர் டேங்க் 40 காலன் பிடிக்கும். லிட்டரில் ஏறக்குறைய 150. வாங்கிய அன்றே கணக்குப் போட்டு நோட்டில் எழுதி வைத்தேன். ஆனாலும் 150 லிட்டர் என்றால் எவ்வளவு என்பது மனதில் ஏறவே இல்லை. நாலு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து வந்த அம்மாதான் கேட்ட உடனே சொன்னாள்: "அப்போ பத்துக் குடம். அஞ்சு பேருக்குப் பத்துக் குடம்." அதற்குப் பிறகுதான் இந்த வாழ்க்கை எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

2022 ஆகஸ்டில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தோம். கணவருக்கு எங்கிருந்தும் செய்யக்கூடிய கணினி வேலை. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. 27 அடி நீள ட்ரெய்லர், அதை இழுக்க ஒரு பிக்கப் ட்ரக். வீடு இல்லாவிட்டாலும் முகவரி வேண்டும். டெக்சஸின் லிவிங்ஸ்டன் ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற சங்கம் இருக்கிறது. எங்களைப் போல ஊர் ஊராகப் போகிறவர்களுக்குத் தபால் வாங்கி அனுப்புவார்கள். ஓட்டுநர் உரிமம், வங்கி எல்லாம் இப்போது அந்த முகவரியில்தான். டெக்சஸில் வீட்டுப் படிப்பைத் தனியார் பள்ளியாகவே கருதுகிறார்கள். அதனால் பிள்ளைகளின் படிப்புக்கு எங்கும் பதிவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

சாலையில்தான் முதலில் பயந்து போனோம். கிரைண்டர், இரண்டு அரிசி மூட்டை, புத்தகப் பெட்டிகள் எல்லாவற்றையும் பின்பக்கம் பிள்ளைகள் படுக்கைக்கு அடியில் அடுக்கியிருந்தேன். அங்கேதான் இடம் இருந்தது. 10ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் வேகம் 60 மைலைத் தொட்டதும் ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு லாரி கடந்தபோது ஆட்டம் கூடி, ட்ரக்கையே இடமும் வலமுமாக இழுத்தது. கணவர் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து ஓரம் கட்டினார். பிள்ளைகள் இருவரும் மூச்சுக்கூட விடவில்லை. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால், ட்ரக்கோடு இணைக்கும் ஹிட்ச் மேல் உட்கார வேண்டும். பின்னால் பாரம் ஏறினால் அந்த அழுத்தம் குறைந்து வண்டி அலையும். இதெல்லாம் படித்ததுதான். ஆனால் அரிசி மூட்டையும் அந்தக் கணக்கில் சேரும் என்று அன்றைக்கு வரை எனக்குத் தோன்றவில்லை. இறங்கி எல்லாவற்றையும் முன்னால் மாற்றிய பிறகுதான் கிளம்பினோம். கிரைண்டர் இப்போது எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

மகள் முதல் மாதம் முழுக்க அழுதாள். தோழிகளைப் பிரிந்த துக்கம் ஒரு பக்கம். அழுவதற்குக்கூட ஒரு கதவு இல்லையே என்பது அதைவிடப் பெரிய குறை. அவள் வாயாலேயே அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மறுநாளே என் பழைய சுங்குடிச் சேலையை இரண்டாகக் கிழித்துத் தைத்து, மேல் படுக்கைக்கு ஒன்று, கீழ்ப் படுக்கைக்கு ஒன்று என்று திரை மாட்டினேன். திரை மூடியிருந்தால் யாரும் கூப்பிடக் கூடாது, சாப்பாட்டுக்குக்கூட. இந்தச் சட்டத்தை நானும் கணவரும் ஒரு நாளும் மீறியதில்லை. மெல்ல மெல்லத் திரை திறந்திருக்கும் நேரம் கூடியது.

நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் மணல்வெளிதான் அவளை மாற்றிய இடம் என்று நினைக்கிறேன். 2019 டிசம்பரில் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓராண்டு இலவச அனுமதிச் சீட்டு உண்டு. அவள் சீட்டில்தான் நாங்கள் எல்லோரும் உள்ளே போனோம். அங்கே மணல் முழுக்க ஜிப்சம் என்ற வெள்ளைக் கனிமம். மலையிலிருந்து மழைநீரில் கரைந்து வருகிறது. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே ஓட ஆறு கிடையாது. நீர் ஆவியாகி, உப்புப் படிவதுபோல ஜிப்சம் படிகமாகி, காற்றில் உடைந்து மணலாகிறது. வெயிலிலும் கால் சுடாத மணல். பூங்காவில் பிள்ளைகளுக்குத் தரும் ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தை நிரப்பிக் கொடுத்து, கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லி பேட்ஜ் வாங்கினாள். அன்றிரவு திரையைத் திறந்து வைத்தே தூங்கினாள்.

டிசம்பரில் அரிசோனாவின் குவார்ட்சைட் வந்து சேர்ந்தோம். பாலைவனம். பி.எல்.எம். என்று எல்லோரும் சொல்கிற மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை, அங்கே லா போசா என்ற இடத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க விடுகிறது. நாங்கள் போன அந்தப் பருவத்தில் ஏழு மாதத்துக்கும் சேர்த்து 180 டாலர். மின்சார இணைப்பு கிடையாது, குழாய் இணைப்பு கிடையாது. ஒரு பொதுக் குழாயும் கழிவு இறக்கும் டம்ப் ஸ்டேஷனும் உண்டு. கேன் எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்து வர வேண்டும். குளிர்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ட்ரெய்லர்கள்.

அம்மாவை ஃபீனிக்ஸ் விமான நிலையத்திலிருந்து அங்கேதான் கூட்டி வந்தோம். எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். அறுபத்தெட்டு வயதில் சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்கி அதில் படுக்கச் சொல்கிறோமே என்று. அம்மா ஒரு சுற்றுப் பார்த்தாள். சேலைத் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "என்னடி, நம்ம புரசைவாக்கம் போர்ஷன் மாதிரியே இருக்கு" என்றாள். ஆறு குடித்தனம், ஒரு அடிபம்பு, மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் வரிசையாகக் குடங்கள். ஒரே அறையில் கொடி கட்டி, சேலை போட்டு மறைத்துத்தான் அவளும் அப்பாவும் குடும்பம் நடத்தினார்கள். நான் பிறந்ததும் அங்கேதான்.

அதுவரை எங்கள் நாலு பேருக்கு அந்த டேங்க் இரண்டு நாள்கூட வந்ததில்லை. அம்மா வந்த வாரத்திலிருந்து ஐந்து பேருக்கு ஐந்து நாள் வந்தது. குடிக்கும் தண்ணீர் மட்டும் தனியாகக் கேனில். அவள் புதிதாக எதுவும் செய்யவில்லை. வெந்நீர் வருவதற்கு முன் குழாயில் வீணாகப் போகும் குளிர்ந்த நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்தாள். சாப்பிட்ட தட்டைக் காகிதத்தால் துடைத்து, அரிசி கழுவிய கழுநீரில் முதல் கழுவல், நல்ல தண்ணீரில் ஒரு சொம்பு மட்டும் இரண்டாவது. குளியல் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அளந்து வைத்த வாளியில். கழுநீரை வெளியே பாலோ வெர்டே மரத்துக்கு ஊற்றப் போனபோதுதான் நாங்கள் தடுத்தோம். தரையில் எதையும் கொட்டுவதில்லை என்பது எங்கள் வழக்கம். பாத்திரமும் குளியலுமான தண்ணீர் கிரே டேங்க்கில் சேர வேண்டும், கழிவறையினுடையது பிளாக் டேங்க்கில். டம்ப் ஸ்டேஷனில் முதலில் பிளாக், அப்புறம் கிரே. அப்போதுதான் குழாய் அலசிக்கொண்டு போகும். "இதுக்கும் ஒரு முறை இருக்கு, நல்லது" என்று அம்மா ஒப்புக்கொண்டாள்.

சமையலில் மட்டும் நாங்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. குளிர் நாளில் உள்ளே குக்கர் வைத்தால் நீராவி சுவரில் படிந்து, மெத்தைக்கு அடியில் ஈரம் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும். அதனால் தாளிப்பும் குக்கரும் வெளியே, வாசல் பந்தலுக்குக் கீழே இரட்டை அடுப்பில். மாவு புளிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. இரவில் ட்ரெய்லர் ஜில்லென்று ஆகிவிடும், காலையில் மாவு அரைத்த அளவிலேயே நிற்கும். அம்மா யோசித்துவிட்டு, பகலில் ட்ரக்கின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு முன் சீட்டில் பாத்திரத்தை வைத்து, மேலே என் சால்வையைப் போர்த்தினாள். வெயிலில் உள்ளே இதமான சூடு. சாயங்காலம் கதவைத் திறந்தபோது மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. புளித்த வாசனை வண்டி முழுக்க. அன்றைக்கு இரவு இட்லி ஊற்றியபோது என் மகன் எட்டு சாப்பிட்டான்.

மார்ச்சில் அம்மாவை வழியனுப்பினோம். இப்போது மே மாதம், ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் பைன் காட்டில் இருக்கிறோம். கடல்மட்டத்திலிருந்து 7,000 அடி. இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. தேசியக் காடு என்பதால் 14 நாளுக்கு மேல் இருக்க விட மாட்டார்கள். இன்னும் ஆறு நாள் பாக்கி.

இங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் சென்னையில் காலை ஏழரை. அம்மா காப்பி குடித்துக்கொண்டே கூப்பிடுவாள். பேத்திதான் எடுப்பாள். சுவரில் டேங்க்கின் அளவை விளக்குகளால் காட்டும் பலகையின் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, "மூணுல ரெண்டு பங்கு இருக்கு பாட்டி" என்று சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு. நேற்று மூணில் ஒரு பங்கு விளக்குதான் எரிந்தது. "அப்போ மூணு குடம். நாளைக்கே அப்பாவைக் கேன் எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றாள் அம்மா. மகள் உள்ளே திரும்பி, "அப்பா!" என்று குரல் கொடுத்தாள்.