பிளேட்டிங் பட்டறை இருந்த மனையில் கட்டுகிறீர்களா? இடிப்பதற்கு முன் மண்ணைப் பாருங்கள்

சென்னையில் பழைய எலெக்ட்ரோபிளேட்டிங் பட்டறைகள், அதாவது மின்சாரத்தால் உலோக முலாம் பூசும் பட்டறைகள், கைமாறி அடுக்குமாடிகளாகவும் அலுவலகங்களாகவும் ஆகிவருகின்றன. அந்த மனைகளின் மண்ணைச் சோதித்து, சுத்தம் செய்து ஒப்படைப்பது எங்கள் வேலை. பெரும்பாலும் கட்டடத்தை இடித்து, ரப்பிஷை லோடு ஏற்றி அனுப்பிய பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் எங்கே எவ்வளவு கசிந்தது என்ற தடயம் பாதி போய்விடும். குரோமியம் ஊறிய செங்கல்லோ இன்னொருவரின் பள்ள மனையை நிரப்பியிருக்கும். ஜேசிபி உள்ளே வருவதற்கு முன்பே ஆய்வு முடிய வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

கட்டடம் நிற்கும்போதுதான் எதை எங்கே செய்தார்கள் என்று புரியும். குரோம் டேங்க் இருந்த இடத்தை ஒட்டிய சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பூச்சு உப்பி, எலுமிச்சை மஞ்சளில் மாவு போலப் பூத்திருக்கும். மண்ணிலிருக்கும் குரோமேட் என்ற குரோமிய உப்பு ஈரத்தோடு செங்கல்லில் ஏறி, காய்ந்த இடத்தில் படிந்தது அது. டைஃபினைல்கார்பசைடு கரைசல் தொட்ட பஞ்சால் துடைத்தால் ஊதாவாக மாறும். வெறுங்கையால் தொடாதீர்கள்; தூசி பறக்கவிடாதீர்கள். மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும் பொருள் இது.

ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. குரோம் டேங்கில் லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம் இருக்கும். அதில் 130 கிராம் ஹெக்ஸாவலன்ட் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியானால் டேங்கிலிருந்து சிந்திய ஒரே ஒரு லிட்டர், 26 லட்சம் லிட்டர் நிலத்தடி நீரை அந்த வரம்பு வரை மாசாக்கிவிடும்.

காகிதங்களில் வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்தால் போதாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டறைக்குக் கொடுத்த இசைவாணையின் நகலை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். என்ன பிளேட்டிங், எவ்வளவு கழிவுநீர் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஜிங்க், காப்பர் பிளேட்டிங் நடந்திருந்தால் சயனைடையும் சோதிக்க வேண்டும். கிரீஸ் நீக்க ட்ரைகுளோரோஎத்திலீன் பயன்படுத்தியிருந்தால் அது தண்ணீரைவிடக் கனம். நீர்மட்டத்தைத் தாண்டி அடியில் போய்த் தங்கும். பிறகு ஆவியாகி வீட்டுக்குள் ஏறும்.

பழைய தொழிலாளி ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசினால் இன்னும் நல்லது. கழிவுநீர் எந்த மூலைக்குப் போனது, கிணறு இருந்ததா என்று கேளுங்கள். மூடிய பழைய கிணறு எங்கள் வேலையில் மிக மோசமான இடம். பட்டறைக் கழிவை அதில் விட்டு, மேலே மண் போட்டு மூடியிருப்பார்கள். மாசு நேராக நீர்மட்டத்துக்கே போயிருக்கும்.

மாதிரி எடுக்கும்போது கான்கிரீட் தளத்தைத் துளைத்து, அடியில் முதல் 15 சென்டிமீட்டர், பிறகு அரை மீட்டர், ஒரு மீட்டர், அங்கிருந்து நீர்மட்டம் வரை எடுக்கிறோம். தளத்தின் கான்கிரீட்டையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், அதுவும் ஊறியிருக்கும். செலவைக் குறைக்க ஐந்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து அனுப்பும் வழக்கம் உண்டு. ஒரு இடத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராம், மற்ற நான்கில் ஒன்றுமில்லை என்றால் அறிக்கையில் 20 என்று வரும். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ்ரே கதிரால் உலோகத்தை அளப்பது) மொத்தக் குரோமியத்தைத்தான் காட்டும், ஹெக்ஸாவலன்ட்டைப் பிரித்துக் காட்டாது. எந்த இடத்தில் துளைக்கலாம் என்று முடிவு செய்ய மட்டும் அது உதவும்.

நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும், அதுவும் ஒரே கோட்டில் இல்லாமல். ஹெக்ஸாவலன்ட் குரோமியத்துக்கான நீர் மாதிரியில் அமிலம் சேர்க்கக் கூடாது. மற்ற உலோகங்களுக்குச் சேர்ப்பதுபோல இதற்கும் சேர்த்தால் அது நச்சு குறைந்த ட்ரைவலன்ட் குரோமியமாக மாறி, அறிக்கை சுத்தமாக வந்துவிடும். குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும்.

சுத்திகரிப்பில் எல்லோரும் முதலில் சொல்வது அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட். 1 கிலோ ஹெக்ஸாவலன்ட் குரோமியத்தை ட்ரைவலன்ட்டாக மாற்றக் கணக்குப்படி சுமார் 16 கிலோ. காற்றும் மண்ணிலுள்ள மற்றவையும் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால் அதற்கு மேலும் தேவைப்படும். எவ்வளவு என்பதை அந்த மனை மண்ணையே வாளியில் எடுத்துப் பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மண் மிகவும் காரத்தன்மையோடு இருந்தால் இரும்பு குரோமேட்டைத் தொடும் முன்பே படிந்துவிடும். அங்கே சல்ஃபேட் சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற பருத்து விரியும் கனிமம் உருவாகி மண் உப்பும்; மேலே போட்ட தளம் விரியும். கலந்த உடன் எடுத்த ஒரு சோதனையை நம்பாதீர்கள். ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் பாருங்கள். மண்துகளுக்குள் ஊறிக் கிடந்தது மெல்ல வெளிவரும். அமிலமோ அமிலத்தன்மையுள்ள கரைசலோ சயனைடு உள்ள மண்ணில் படவே கூடாது. உயிரைப் பறிக்கும் வாயு கிளம்பும்.

மண்ணைக் கரைசலில் ஊறவைத்து எவ்வளவு வெளிவருகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் குரோமியத்தைத் தொடும் மண் அபாயகரக் கழிவு. கழிவை ஏற்றிச் செல்வதற்கான ஆவணமான படிவம் 10 இல்லாமல் அது மனையை விட்டு நகரக் கூடாது. சென்னைக்காரர்களுக்குக் கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயகரக் கழிவு நிலையம்தான் பக்கம். 2025 ஜூலையில் வந்த மாசடைந்த தள விதிகளின்படி முதற்கட்ட ஆய்வுக்கு 90 நாள், விரிவான ஆய்வுக்கு இன்னொரு 90 நாள். கட்டுமானத் திட்டத்தில் அதற்கு இடம் விடுங்கள்.

பேஸ்மென்ட் தோண்டும்போது தண்ணீரை இறைத்து மழைநீர் வடிகாலில் விடுவார்கள். அந்த இறைப்பு பக்கத்து மனையின் மாசையும் சேர்த்து இழுக்கும். முதலில் நீரைச் சோதித்து, எங்கே விடுவது என்று முடிவான பிறகே பம்பைப் போடுங்கள். கண்காணிப்புக் கிணறுகள் மேல் பார்க்கிங் கற்களைப் பதித்துவிடாதபடி வரைபடத்தில் குறித்து வையுங்கள். மே மாதம் எடுத்த நீர் சுத்தமாக இருந்தாலும், வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறி மேல்மண்ணைக் கழுவிய பிறகு டிசம்பரில் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறோம்.