அலுவலகம் கழித்த கணினிகள் எங்கள் பள்ளிக்கு வந்த வழி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உள்ளிட்ட வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய ப்ராசசரும் வேண்டும். அதனால் நன்றாக ஓடும் கணினிகளையும் அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. அப்படிக் கழித்த 20 கணினிகளைத்தான் எங்கள் அரசுப் பள்ளிக்காக ஒரு நிறுவனத்திடம் கேட்டோம்.

கடிதத்தை நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு மட்டும் அனுப்பினால் போதாது. கணினிகள் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் பொறுப்பில் இருப்பதால் அங்கும் ஒரு நகல் கொடுத்தேன். வேலை நகர்ந்தது அங்கிருந்துதான்.

வாடிக்கையாளர் விவரங்கள் வெளியே போகக்கூடாது என்பதால் ஹார்டு டிஸ்குகளைக் கழற்றிவிட்டே தருவோம் என்றார்கள். நியாயமான கவலை. பதிலாகக் கணினிக்கு ஒரு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) கேட்டேன்; வாங்கித் தந்தார்கள். பழைய கணினிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

எடுத்து வருமுன் ஒவ்வொன்றையும் அங்கேயே இயக்கிப் பார்த்தோம். சிலவற்றில் பயாஸுக்கு (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல் இருந்ததால், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து துவக்கவே முடியவில்லை. அங்கிருந்த பொறியாளர் பொறுமையாக உட்கார்ந்து நீக்கித் தந்தார். தேதி தவறாகக் காட்டியவற்றில் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை மாற்றியதும் சரியாயின. பிறகு ஆவணங்கள் தயாரிக்க லிப்ரே ஆபீஸ், சிறுவர்களுக்கான கல்வி விளையாட்டுகள் கொண்ட ஜிகாம்ப்ரி, நிரலாக்கம் பழக இணையம் இல்லாமலே இயங்கும் ஸ்கிராட்ச் ஆகியவற்றை நிறுவினோம்.

அதிகம் பேச வேண்டியிருந்தது ஒப்பந்தத்தைப் பற்றித்தான். முதல் வரைவில் திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் விரிவாக இருந்தன. பழுதுபார்ப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. கணினி கொடுப்பது உதவியின் தொடக்கம் மட்டுமே என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மூன்று ஆண்டுப் பராமரிப்பு, யுபிஎஸ் பேட்டரியை ஒருமுறை மாற்றித் தருவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி என ஒவ்வொன்றையும் பேசிச் சேர்த்தோம். பயனற்றுப் போனவற்றை மின்கழிவாக அவர்களே எடுத்துச் செல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளைக் கழிப்பது எவ்வளவு பாடு என்று பள்ளிகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அந்த வரியைப் படித்த பிறகே தலைமையாசிரியர் கையெழுத்திட்டார்.

இப்போது ஏழாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பாடவேளை. ஒரு கணினிக்கு இருவர். பாதி நேரத்தில் மவுஸ் கைமாறும். ஆறாம் வகுப்புக்கும் கேட்டு அடுத்த கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். பராமரிப்புதான் அதன் முதல் பத்தி.