புக்கிரபோ

நவம்பர் 5
டோக்கியோவின் நிஷி-கசாயில், ஸ்டேஷன் பக்கம் சின்ன சோபா கடை. உட்காரும் சோபா இல்லை, நூடுல்ஸ். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியாக நடத்துகிறார். மற்ற கடைகளில் காலை வைத்ததுமே "இரஷ்ஷாய்மாசே" என்று கூவி வரவேற்பார்கள். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மீன் இல்லாமல் கிடைக்குமா என்று, மரியாதைச் சொல்லெல்லாம் கோத்து ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "தாஷி. கட்சுவோ. தமே." குழம்பில் மீன் இருக்கிறது, உனக்கு ஆகாது. அவ்வளவுதான். முகம் சுண்டிப்போய் வெளியே வந்துவிட்டேன்.

நவம்பர் 6
ஆபீஸில் புலம்பினேன். பக்கத்து சீட்டு அக்கா சிரித்தார். "புக்கிரபோ!" வெட்டிப்போட்ட கட்டை என்பதிலிருந்து வந்த சொல்லாம்; 'போ' என்றால் கழி. நம்ம 'வெட்டு ஒன்று துண்டு இரண்டு' உடனே ஞாபகம் வந்தது. ஆனால் அதில் ஒரு கறார் உண்டு. இது வெறுமனே இழைப்புளி படாத பேச்சு. பின்னாலேயே பெரும்பாலும் ஓர் 'ஆனாலும்' வரும் என்றார்: புக்கிரபோதான், ஆனாலும் நல்ல மனுஷன்.

எரிந்து விழுந்தால் அது வேறு, ட்சுக்கெண்டோன். அதிலுள்ள 'கெண்டோன்' பௌத்தச் சொல், கஞ்சத்தனமும் பேராசையும். டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த பழைய காலத்தில் உபசாரமில்லாமல் கிண்ணக் கணக்கில் விற்ற மலிவு சோபாவுக்கு 'கெண்டோன் சோபா' என்றே பெயர். நல்ல பொருத்தம்!

நவம்பர் 9
அக்காவுக்கு ஊர் வடக்கே அவொமோரி. அங்கே ட்சுகாரு வழக்கில் "தோசா?" என்றால் எங்கே போகிறாய். "யுசா" என்றால் குளிக்க. பேச்சு முடிந்தது. வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடுமாம். காரணம் எப்படியோ, எனக்குப் பிடித்திருக்கிறது.

நவம்பர் 14
மழை. வேறு கடைக்கு நடக்கச் சோம்பல், அங்கேயே ஒதுங்கினேன். நான் வாய் திறக்குமுன் மூங்கில் தட்டில் சோபா வந்தது. குழம்புக் கிண்ணத்தைக் காணோம். பக்கத்தில் குட்டித் தட்டில் ஒரு சிட்டிகை உப்பு. "ஷியோ" என்று அதைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். உப்பில் தொட்டுத் தின்றபோதுதான் அந்த மாவுக்கே ஒரு மணம் இருப்பது தெரிந்தது. கடைசியில் மூடிபோட்ட கூஜாவில் கலங்கலாகச் சுடுநீர்: "சோபாயு." நூடுல்ஸ் வெந்த தண்ணீர். அசல் வடிகஞ்சி. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

நவம்பர் 22
கதவைத் தள்ளினேன். இன்றைக்கு நிமிர்ந்து பார்த்தார்.

"ஷியோ?"

"ஷியோ."