ரோஸ் டிரஸ் அம்மாவும் பாதில நின்ன சீரியலும்

முந்தாநாள் சாயங்காலம் எங்கம்மா சீரியல்ல அந்த மருமக பதினஞ்சு நாளா சொல்லாத உண்மைய சொல்ல வாயத் தொறந்த அதே செகண்ட்ல, டிவில ரோஸ் கலர் டிரஸ்ல ஒரு வயசான அம்மா வந்து கத்த ஆரம்பிச்சுட்டாங்க. தப்பு என்னோடதுதான். ரூம்ல போன்ல பாத்துட்டிருந்தத கை பட்டு ஹால் டிவிக்கு அனுப்பிட்டேன். வால்யூம் வேற 32, அப்பா காது புண்ணியத்துல.

"டேய், யாருடா செத்தா?"ன்னு அம்மா.

யாரும் சாகலம்மா, அது வட கொரியா டிவி நியூஸ், 2017-ல ஹைட்ரஜன் குண்டு வெடிச்சத பெருமையா சொல்றாங்கன்னேன். "சந்தோஷத்துக்கு எவ இப்படி கத்துவா"ன்னாங்க. அம்மா கணக்கும் ஒரேடியா தப்பில்ல. நியூஸ் படிக்கிற அந்த ரி சுன் ஹீ அம்மாதான் 1994-ல அந்த நாட்டுத் தலைவர் கிம் இல் சுங் போனப்பவும், 2011-ல அவர் மகன் கிம் ஜாங் இல் போனப்பவும் கருப்பு டிரஸ்ல வந்து அழுதுட்டே படிச்சது. கருப்புன்னா சாவு, ரோஸ்னா குண்டு, அவ்ளோதான். அப்பா உடனே தூர்தர்ஷன்ல தலைவருங்க யாராச்சும் போனா நாள் முழுக்க ஷெனாய் வாசிப்பான்னு ஆரம்பிச்சு, ஆன்டெனா திருப்ப மொட்டமாடி ஏறின கதைக்குப் போயிட்டாரு, அத நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க.

சரி மாட்டியாச்சு, இன்னொண்ணும் காட்டுவோம்னு ஒரு தோட்ட ப்ரோக்ராமப் போட்டேன். பிபிசிக்காரன் எடுத்தது, 2024-ல வட கொரியா டிவில வந்தது. ஆளு செடி நடறாரு, இடுப்புக்குக் கீழ மட்டும் மங்கலா இருக்கு. ஜீன்ஸ் போட்டிருக்காரு, அங்க ஜீன்ஸ் அமெரிக்கா சமாச்சாரம், காட்டக்கூடாது. நான் விளக்குறதுக்குள்ள அப்பா எந்திரிச்சு டிவி மண்டைல ரெண்டு தட்டு. எல்இடி டிவிப்பா அது! இஎம்ஐ இன்னும் நாலு மாசம் பாக்கி இருக்கு.

அங்கல்லாம் ரேடியோ, டிவிய அரசாங்க ஸ்டேஷன் மட்டும் புடிக்கிற மாதிரி செட் பண்ணி சீல் வச்சிருப்பாங்க, வேற திருப்பினா ஜெயில்னு சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லல, அம்மா மடில இருந்த ரிமோட்ட மட்டும் பாத்தாரு.

அம்மாவுக்கு அதெல்லாம் காதுலயே விழல. "அந்தம்மாவுக்கு என்ன வயசு?"

1943-ல பொறந்தவங்க, 2012-லயே ரிட்டையர்டு, பெரிய நியூஸ்னா மட்டும் கூப்பிட்டு உக்கார வைப்பாங்கன்னேன். அம்மா மூஞ்சி மாறிடுச்சு. அவங்களும் ரிட்டையர் ஆகி ஒம்போது வருஷம் ஆச்சு, இன்னும் ஆண்டு விழான்னா ஸ்கூல்ல இருந்து போன் வந்துடும், மைக் புடிக்க வேற ஆளே இல்லையாம்.

"பாவம், தொண்டை என்னத்துக்கு ஆகும். ஏதாச்சும் குடுக்கறானுங்களா?"

"2022-ல ஆத்தோரமா புது வீடே குடுத்தாங்கம்மா. இப்ப தலைவரா இருக்கற கிம் ஜாங் உன்னே கூட்டிட்டுப் போய் சுத்திக் காமிச்சாரு."

"வீடா? எனக்கு ஒரு துண்டப் போத்தி அனுப்பிடறானுங்க."

"நீ என்ன அணுகுண்டா போட்ட?"ன்னு அப்பா. அன்னிக்கு ராத்திரி அவருக்கு உப்புமா.

நேத்து பாருங்க, அம்மாவே கூப்பிட்டு அந்த சேனலப் போடுன்னாங்க. அங்க ராத்திரி எட்டு மணி நியூஸ், நமக்கு நாலரை. (நடுவுல 2015-ல இருந்து 2018 வரைக்கும் கிம் ஜாங் உன் நாட்டு கடிகாரத்தையே அரை மணி பின்னாடி தள்ளி வச்சிருந்தாரு. அப்படியே விட்டிருந்தா அஞ்சு மணி, அம்மா காபிக்கு கரெக்டா இருந்திருக்கும்.) டம்ளரோட வந்து உக்காந்தாங்க. கோட்டு போட்ட ஒரு ஆம்பள வந்து படிச்சாரு.

"அந்தம்மா வரலியா?"

"பெரிய விஷயம் ஏதாச்சும் இருந்தாதான் வருவாங்கம்மா."

"அப்ப இன்னிக்கு ஒண்ணுமில்ல. வீட்ல நிம்மதியா படுத்திருப்பா"ன்னுட்டு, ரிமோட்ட அப்பா கைல குடுத்துட்டு அம்மா உள்ள போயிட்டாங்க.