சாக்கு மூட்டையை எடுக்கவா, வேண்டாமா

வெள்ளம் வந்த ராத்திரி, மழைநீர் ஓடையை அடைத்து வைத்திருந்த மணல் மூட்டைகளை எடுக்க வேண்டாம் என்று சொன்னது ஓவர்சியரான நான்தான். சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஏன் அப்படிச் சொன்னாய் என்று யாராவது கேட்டால் வாயில் ஒரு பதில் வருகிறது, உள்ளே வேறொன்றும் கிடக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17 ராத்திரி. தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அதோடு வைத்துப் பார்த்தால் நாகர்கோவில் பக்கம் நமக்கு லேசாகத்தான் போயிற்று. ஆனாலும் பழையாறு கரை நிறைய ஓடியது. ஆறு நிறைந்தால் ஆற்றில் விழுகிற ஓடைகள் எதற்கும் வேலை இல்லை, நாங்கள் கட்டிய ஓடைக்கும்தான். (ஒவ்வொரு மழைக்கும் பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டார்கள், அதனால்தான் பழையாற்றில் வெள்ளம் என்று பேசுவார்கள். அணையின் உபரி நீர் கோதையாற்றில் இறங்கி, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலுக்குப் போகிறது. பழையாற்றில் வெள்ளமாக வருவது பெரும்பாலும் இந்தப் பக்கத்து மழையும், இந்தப் பக்கத்துக் குளங்கள் நிறைந்து மறுகாலில் வழிகிற தண்ணீரும்தான். கேட்பார் இல்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.)

எங்கள் ஓடை போகிற அந்த நகர் முழுக்க ஒரு காலத்தில் ஏலா, அதாவது வயல்வெளி. வயலில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் நெல்லுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு ஹெக்டேரில் அது பத்து லட்சம் லிட்டர். வரப்பு உள்ள வயல் அவ்வளவையும் தாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாளில் மெதுவாக ஆற்றுக்கு விடும். அதில் மண்ணடித்து, பிளாட் போட்டு, முற்றத்தையும் சிமெண்ட் பூசி, ரோட்டையும் பேவர் பிளாக் ஆக்கிய பிறகு அந்தப் பத்து லட்சம் லிட்டரும் அரைமணி நேரத்தில் தெருவுக்கு வந்துவிடுகிறது. போதாததற்குப் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் வீடுகள் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு 2021-இல் உத்தரவே போட்டார். அதற்கு முன்பே ஏறிய ரோட்டை யார் இறக்குவது?

அதே 2021 நவம்பர் மழையில் முதல் தெருவில் முட்டளவு தண்ணீர் வடியாமல் கிடந்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஓடைக்கு வழி பிறந்தது. முதல் தெருவிலிருந்து குறுக்கு ரோட்டின் அடியில் ஒரு சிறுபாலம், அப்புறம் கடைசித் தெரு நெடுக, கடைசியில் படித்துறைப் பக்கம் ஆற்றில் விழும். வேறு வழியில் கொண்டுபோக மட்டம் கிடைக்கவில்லை. தண்ணீர் தன்னால் மண்ணை இழுத்துக்கொண்டு போக வேண்டுமானால் நொடிக்கு அறுபது சென்டிமீட்டராவது ஓட வேண்டும் என்பது கணக்கு, அந்த வாட்டம் இந்த ஒரு வழியில்தான் இருந்தது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடைசித் தெருக்காரர்களுக்கு இருந்தது. அவர்கள் கேட்டதும் நியாயம்: முதல் தெரு வெள்ளத்தை எங்கள் வாசல் வழியாகவா விடப்போகிறீர்கள்? வரைபடத்தில் படித்துறைப் பக்கம் ஒரு ஷட்டரும், தண்ணீர் சேர ஒரு கிணறும், அதில் ஒரு பம்பும் இருந்தன. ஆறு ஏறினால் ஷட்டரை மூடிவிட்டு உள்ளே சேர்வதை பம்பு வைத்து ஆற்றுக்கு எறிய வேண்டும், அதுதான் திட்டம். ஆனால் முதல் கட்டப் பணத்தில் ஓடை மட்டும்தான் வந்தது. ஷட்டரும் பம்பும் அடுத்த கட்டம் என்றார்கள். நான் அப்படியே அவர்களிடம் சொன்னேன். பெரும்பாலும் யாரும் கேட்கத் தயாராக இல்லை. அந்தத் தெருவில் ஒரு ஆச்சி மட்டும் என்னை உட்கார வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஷட்டர் எப்பம் வரும் மக்களே?"

"அடுத்த கட்டத்துல வரும் ஆச்சி."

"வரும்லா?"

"வரும்."

அதற்கப்புறம் தன் வீட்டுப் படியையும் ஓரத்தில் நின்ற முருங்கையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆச்சியே சரி சொன்ன பிறகு மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகச் சம்மதித்தார்கள். ஓவர்சியர் வேலையில் இருப்பவனுக்கு வாக்குக் கொடுக்க அதிகாரம் கிடையாது. ஆனால் கொடுக்காமல் ஒரு வேலையும் நகராது, இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நம்பித்தான் சொன்னேன். கோப்பில் இருந்ததைத்தான் சொன்னேன்.

அந்த மழை வந்தபோது அடுத்த கட்டம் வந்திருக்கவில்லை.

நான் போய்ச் சேரும்போது கடைசித் தெருப் பையன்கள் இரண்டு இடத்தில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். ஆற்று வாயில் ஒரு கட்டு, ஆறு உள்ளே வராமல். சிறுபாலத்தில் ஒரு கட்டு, முதல் தெருத் தண்ணீர் வராமல். கடைசித் தெருவில் அங்கே பெய்த மழை மட்டும் கணுக்காலுக்கு மேல் நின்றது. முதல் தெருவில் முழங்கால். ஏ.இ. (உதவிப் பொறியாளர்) போனில் வந்தார். இரண்டு கட்டையும் எடுத்துவிடுங்கள், முதல் தெருத் தண்ணீர் ஆற்றைவிட ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது, திறந்தால் வடியும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. திறந்தால் கடைசித் தெருவில் ஆற்று மட்டத்துக்குத் தண்ணீர் ஏறும், அதாவது இன்னும் ஒரு சாண், பாதி வீடுகளில் நடைக்கு உள்ளே. ஆனால் முதல் தெரு மெதுவாக வடியத் தொடங்கும். ஓடை கட்டியதே அதற்குத்தானே.

நான் டார்ச் அடித்துப் படித்துறையைப் பார்த்தேன். வந்தபோது வெளியே தெரிந்த ஒரு படி இப்போது தெரியவில்லை. ஆறு ஏறுகிறது. இப்படியே ஏறிக்கொண்டு போனால் முதல் தெருவும் வடியாது, கடைசித் தெருவும் மூழ்கும். ஆறு கடலில் சேரும் மணக்குடி பொழியில் கடல் ஏற்றம் இருந்தால் ஆறு சட்டென்று இறங்கவும் செய்யாது. ஏ.இ.யிடம் இதைச் சொன்னேன். "நீங்க அங்க நிக்கீங்க, பாத்து முடிவு பண்ணுங்க" என்றார்.

பையன்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். ஆச்சி படி இல்லாத வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

"எடுக்கணுமா மக்களே? நீ சொன்னா எடுக்கச் சொல்லுகேன்."

"வேண்டாம் ஆச்சி. இருக்கட்டும்."

இவ்வளவுதான் பேச்சு. விடியும் முன்பே ஆறு இறங்கத் தொடங்கியது, வெளிச்சம் வந்ததும் பையன்களே மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள், மதியத்துக்குள் முதல் தெரு வடிந்துவிட்டது. ஆனால் ராத்திரி முழுக்க அங்கே தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. பிரிட்ஜ், கட்டில், பிள்ளைகளின் புத்தகம். அந்தத் தெருவில் வீட்டோடு சேர்ந்த ஒரு தையல்கடை உண்டு. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கிறது, நம் ஊரில் அந்த வாரம் தையல்காரருக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தைத்து முடித்ததும் வெட்டி வைத்ததும் எல்லாம் சேற்றில். துணி அவருடையது இல்லை, கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அடுத்த நாள் கணக்கெடுக்கப் போனபோது அவர் என்னிடம் சண்டை போடவில்லை. "சார், ராத்திரி நீங்க எங்க தெருவுக்கு வரலல்லா" என்றார். அவ்வளவுதான்.

வரவில்லை. குறுக்கு ரோட்டில் போக முடியாத அளவுக்கு இழுப்பு இருந்தது, முதல் தெருவிலிருந்து போட்டோ வந்துகொண்டிருந்தது, எவ்வளவு உயரம் என்று தெரிந்துதான் முடிவெடுத்தேன். இதெல்லாம் உண்மை. ஆனாலும் அவர் கேட்டது வேறு என்று எனக்குத் தெரியும். நான் எங்கே நின்று யோசித்தேன் என்றுதான் கேட்டார்.

ஆறு ஏறுவதைப் பார்த்தேன், அதனால் மூடி வைத்தேன். இது வாயில் வருகிற பதில். இதை எந்த விசாரணையிலும் சொல்வேன். ஆனால் படித்துறையில் நின்ற நேரத்தில் ஆறு ஏற வேண்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று விரும்பியதா? ஏறினால் மூட்டைகளை எடுக்கச் சொல்ல வேண்டியிருக்காது. ஷட்டர் வரும் என்று வாக்குக் கொடுத்த வீட்டுக்குள் நானே ஆற்றைத் திறந்துவிட வேண்டியிருக்காது. அந்தப் படி மூழ்கியது கண்ணால் பார்த்த சங்கதி, அதில் ஏமாற்று இல்லை. ஆனால் அதே படி மூழ்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தால் சரியாகப் பதில் கிடைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று சொல்லியிருப்பேனோ?

சில நாள் இப்படியும் தோன்றும்: வாக்குக் கொடுத்தவன் அந்த வாக்குக்குப் பக்கம் நிற்பதில் என்ன தப்பு? கடைசித் தெரு தன் படியை விட்டது, மரத்தை விட்டது, முதல் தெருவுக்காக மழைநீரை வாங்கச் சம்மதித்தது. அதற்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய கதவு கிடைக்கவில்லை. சாக்கு மூட்டைதான் அவர்களுக்கு ஷட்டர். அந்த ஷட்டரை மூடும் உரிமையாவது அவர்களுக்கு இருக்க வேண்டாமா? இப்படி நினைக்கும்போது மனசு கொஞ்சம் நிமிரும். அப்புறம் தையல்காரர் முகம் வரும். அவர் எந்த வாக்கையும் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. கேட்டு வாங்கியவர்களுக்கு ஒரு நியாயம், கேட்காதவருக்கு இன்னொன்று என்று ஓவர்சியர் வைத்துக்கொண்டால் அது வேலையா?

கூடப் பணிபுரியும் ஒருவர், இதில் குற்றம் உன்னுடையது இல்லை, அடுத்த கட்டத்தைத் தள்ளிப்போட்டவர்களுடையது, நீ ஏன் போட்டு உருட்டுகிறாய் என்றார். பாதிதான் ஒத்துக்கொள்ள முடிகிறது. ஷட்டர் இருந்திருந்தாலும் அந்த ராத்திரி அதை மூடவா திறக்கவா என்று ஒருவர் சொல்லத்தான் வேண்டும். பம்பு எவ்வளவு இழுத்தாலும் அப்படியொரு மழையில் இரண்டு தெருவையும் ஒன்றாகக் காயவைக்காது. தானாகத் திறந்து தானாக மூடும் ஒருவழிக் கதவு வைக்கலாமே என்று கேட்பார்கள். நல்ல யோசனைதான், உள்ளே தண்ணீர் உயர்ந்தால் திறக்கும், ஆறு உயர்ந்தால் அழுத்தி மூடிக்கொள்ளும். ஆனால் நம் ஓடையில் வருவது வெறும் தண்ணீர் இல்லை. தேங்காய்க் கதம்பையும் பிளாஸ்டிக் பாட்டிலும் கதவு இடுக்கில் மாட்டினால் அது பாதி திறந்தபடி நின்றுவிடும், ஆறு நிம்மதியாக உள்ளே வரும். ஆகாயத்தாமரை வந்து வெளியே அடைத்தால் திறக்கவே திறக்காது. அதையும் ஒருவர் ராத்திரி போய்ப் பார்க்க வேண்டும். எப்படிச் சுற்றினாலும் ஒரு ஆளில்தான் வந்து நிற்கிறது.

இப்போது ஷட்டருக்கு எஸ்டிமேட் திரும்பவும் போட்டிருக்கிறோம். இந்தத் தடவை வரும் என்று தோன்றுகிறது, ஆனால் ஆச்சியிடம் நான் அதைச் சொல்லவில்லை. தெருக்காரர்களை வைத்துப் பேசியபோது முதல் தெருவில் ஒருவர் எழுந்து, சாவி எந்தக் காரணம் கொண்டும் கடைசித் தெருவில் இருக்கக் கூடாது, ஓவர்சியர் கையிலும் இருக்கக் கூடாது என்றார். கடைசித் தெருப் பையன்கள் சத்தம் போட்டார்கள். எனக்கும் கோபம் வந்தது, ஆனால் அவரை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

எஸ்டிமேட்டோடு ஒரு இயக்கக் குறிப்பு வைக்க வேண்டும். அதில் நான் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன்: படித்துறைச் சுவரில் ஆற்று மட்டத்துக்கு ஒரு அளவுகோல், ஷட்டருக்கு உள்பக்கம் இன்னொன்று, இரண்டும் ஒரே பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் அளக்க வைக்கும் நிலையான குறி), பெரிய எழுத்தில், டார்ச் வெளிச்சத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி. வெளியே உயர்ந்தால் மூடு, உள்ளே உயர்ந்தால் திற. படி மூழ்கியதா இல்லையா என்று ஒருவனை நம்ப வேண்டிய நிலைமை இருக்கக் கூடாது. முடிவெடுப்பவர் என்ற இடத்தில் இரண்டு தெருவிலிருந்தும் ஒவ்வொருவர், இருவரும் சேர்ந்து என்று எழுதியிருந்தேன். மேலே அதை அடித்துவிட்டு, பணி மேற்பார்வையாளர், அதாவது ஓவர்சியர், என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். நான் மறுபடியும் பழையபடியே எழுதி அனுப்பினேன். இருவரும் ஒத்துவராவிட்டால் அந்த நேரத்தில் ஷட்டரை என்ன செய்வது என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி, கோப்பு திரும்பவும் என் மேஜைக்கு வந்திருக்கிறது.